பவளத்தின் காதுகள்

சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்த கலைமணியின் அரிவாள், அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பாதியில் நின்றது. பெரிய சத்தமில்லை. வாயைத் திறக்காமல், அடித்தொண்டையில் இரண்டு தடவை, "ம்க், ம்க்" என்று, விழுங்கமுடியாத எதையோ விழுங்கப் பார்க்கும் ஒரு சத்தம். அந்தத் தோட்டத்தில் அதை எழுப்பத் தெரிந்தவன் ஒரே ஒருத்தன். அவள் புருஷன் மதியழகன். அவன் செத்து ஏழு மாதம் ஆகிவிட்டது.

அவள் உடனே திரும்பவில்லை. திரும்பினால் என்ன கண்ணில் படுமோ என்ற பயத்தில், நறுக்கிய தட்டின் பச்சை வாசனையையும் லாயத்துச் சாணி நெடியையும் மூச்சில் வாங்கிக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் குளம்புகள் ஒவ்வொன்றாக விழுவதைக் கேட்டபடியே நின்றாள். முதலில் வலது முன்னங்கால். பிறகு பக்கவாட்டில் இரண்டு எட்டு. பிறகு நேராக. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு அவர்கள் குதிரை பவளம் போடும் அதே நடை. அந்தச் சத்தத்துக்கு மட்டும்தான் அது அந்த நடையைப் போடும். வேறு யார் என்ன செய்தாலும் நட்டுவைத்த கல்லாக நிற்கும்.

திரும்பினாள். மே மாத வெயிலில் வாசல் வெளுத்துக் கிடந்தது. குதிரையின் மேல் அவளுடைய பத்து வயது மகள் தனப்பிரியா உட்கார்ந்திருந்தாள். வேறு யாரும் இல்லை.

"தனா, அந்தச் சத்தத்தை ஆரு சாமி உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"ஆருஞ் சொல்லலைம்மா. பவளந்தான்."

"குதிரை எப்படிச் சொல்லும்?"

"நாந் தப்பாச் செஞ்சா நின்னுக்கும். செரியாச் செஞ்சா போவும். அது போற வரைக்கும் நானு ஒவ்வொன்னாச் செஞ்சு பாக்கறேன். அவ்வளவுதான்."

குழந்தை சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. குதிரையைப் பழக்குகிற வழியே அதுதான். சரியாகச் செய்யும்வரை கடிவாளத்தை இறுக்கிப் பிடிப்பது, செய்த நொடியில் விட்டுக்கொடுப்பது. நான்கு வருஷம் இதே வாசலில் மதியழகன் பவளத்தை அப்படித்தான் பழக்கினான். இப்போது அது அதே வித்தையைக் குழந்தையிடம் காட்டுகிறது. மகளை யாராக ஆக்குவதற்கு என்பதை நினைத்துப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

மதியழகன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை பார்த்தவன். குஜராத் பக்கம் போர்வெல் போடப் போன இடத்தில் காத்தியவாரி என்ற குதிரை இனத்துப் பெண்குட்டி ஒன்றைப் பார்த்து மனசைப் பறிகொடுத்து, திரும்பி வந்த லாரியிலேயே ஏற்றிக்கொண்டு நாமகிரிப்பேட்டைக்கு வந்து சேர்ந்தான். செக்கச் செவேலென்ற நிறம். காதுகள் இரண்டும் உள்பக்கம் வளைந்து, நுனியோடு நுனி தொட்டுக்கொண்டு நிற்கும். "குதிரைக்கு வாய் காதுலதானுங்க இருக்குது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வான். ஒரு காது பின்னால் திரும்பினால், மேலே உட்கார்ந்திருக்கிறவன் சொல்வதைக் கேட்கிறது என்று அர்த்தம். இரண்டும் முன்னால் குவிந்தால் எதிரில் இருப்பதைக் கவனிக்கிறது. பிடரியோடு ஒட்டிப் படுத்தால் கோபம். அவன் அதைச் சாட்டையால் ஒருநாளும் தொட்டதில்லை. உட்கார்ந்த இடத்தில் இடுப்பை விரற்கடை அளவு நகர்த்துவான், அது திரும்பும். மூச்சை இழுத்துப் பிடிப்பான், அது நிற்கும்.

வீட்டுக்குள் வந்தால் வேறு மனுஷன். குதிரையிடம் காட்டிய பொறுமையில் கால்வாசியைப் பெண்டாட்டியிடம் காட்டியிருந்தால், கலைமணியின் இடது மணிக்கட்டு இரண்டு தடவை உடைந்திருக்காது. அதை அவள் யாரிடமும் சொல்லி அழுததில்லை. ஓடையில் குதிரையிலிருந்து விழுந்து அவன் செத்தபோது ஊரே வந்து அழுதது, அவளும் அழுதாள். இனி தானும் தனாவும் மட்டும்தான் என்று நினைத்தாள். தனா ஒருத்தி நன்றாக இருந்துவிட்டால் போதும், வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

ஆனால் பவளம் இருந்தது. தினமும் உச்சிப் பொழுதுக்கு அது வெளிக்கேட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொள்ளும். சமையலறை ஜன்னலைப் பார்த்தபடி, இருட்டும்வரை. ஈ மொய்த்தாலும் வாலை ஆட்டாது. காதுகள் இரண்டும் ஜன்னலை நோக்கிக் குவிந்திருக்கும். ஜன்னலில் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டாள். சாக்குக்கு அந்தப் பக்கம் அது நிற்பது தெரியும். குழம்பு கொதிக்கும் சத்தத்துக்கு நடுவில் அது மூச்சு விடுவதுகூடக் கேட்கும். தாளிப்பதற்குக் கடுகை எடுக்கப் போனவள் எதற்கு எடுக்கப் போனோம் என்று மறந்துபோய் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

விற்கப் பார்த்தாள். ஆளைக் கொன்ற குதிரை என்று சுத்துப்பட்டு முழுக்கப் பேராகிப்போயிருந்தது. துணிந்து வந்த இரண்டு பேரையும் ஏறிய வேகத்தில் கீழே தள்ளிவிட்டது. ஒருநாள் விடிகாலையில் ராசிபுரம் ரோடு வரைக்கும் நடத்திப்போய் அவிழ்த்து விட்டுவிட்டு, பஸ் ஏறித் திரும்பினாள். பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது அது கேட்டருகில் நின்றுகொண்டிருந்தது. வியர்க்கக்கூட இல்லை.

கடைசியில் திருச்செங்கோட்டுக் குதிரை வியாபாரி தண்டாயுதபாணியின் நம்பர் கிடைத்தது. வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு வடக்கே போயிருப்பதாகவும், குதிரையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றும் அவரிடம் பொய் சொன்னாள்.

"ஆள் ஏறி ஓட்டற குதிரைன்னா நானே வந்து வாங்கிக்கறேன் அம்மணி" என்றார் அவர். "ஏறவுடாத குதிரைய வெச்சுட்டு நான் என்ன பண்றது? உங்க ஊட்டுக்காரரோட வேர்வைத் துணி ஏதாச்சுங் கெடக்குதுங்களா? அதைப் புது ஆள் மேல தேச்சு ஏத்திப் பாருங்க. குதிரை வெச்சிருக்கறவங்க எல்லாரும் பண்றதுதானுங்க."

எல்லோரும் செய்வதுதான். குதிரை கைமாறும்போது பழைய ஆளின் வியர்வையைப் புது ஆளின் கையிலும் தொடையிலும் தேய்த்துவிடுவதை அவளே நாலைந்து தடவை பார்த்திருக்கிறாள். ஆனால் பழைய ஆள் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பார். செத்தவனின் வியர்வையை யாரும் தேய்த்து அவள் பார்த்ததில்லை. அப்படிச் செய்யலாமா என்று தண்டாயுதபாணியிடம் கேட்கவும் முடியாது. கேட்டால் பொய் வெளுத்துவிடும்.

கதவுக்குப் பின்னால் ஆணியில் மதியழகனின் நீலச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ஏழு மாதமாகத் துவைக்காத சட்டை. பாசத்தில் அல்ல, தொடப் பிடிக்காமல் விட்டது. முதலில் அதைத் தன்மேலேயே தேய்த்துக்கொண்டு போனாள். பவளம் காதுகளைப் படுக்கவைத்துப் பல்லைக் காட்டியது. தோள்பட்டையைப் பிடுங்கியிருக்கும், மயிரிழையில் தப்பித்தாள். மறுநாள் தனாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கையில், கழுத்தில், முழங்காலின் உள்பக்கம் தேய்த்தாள். தேய்க்கும்போது அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பெற்ற பிள்ளைமேல் என்ன காரியம் செய்கிறோம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது, இருந்தும் கை நிற்கவில்லை. குதிரை தொலைந்தால் போதும் என்பதைத் தவிர மனசில் வேறொன்றும் இல்லை.

"சட்டை ஏம்மா இப்படிச் சில்லுனு இருக்குது?" என்றாள் தனா.

பவளம் கழுத்தைத் தாழ்த்தி, குழந்தையின் நெஞ்சில் மூக்கை வைத்து, நீண்ட மூச்சு ஒன்றை இழுத்தது. பிறகு தானாகவே பக்கவாட்டில் திரும்பி, ஏறிக்கொள்ள வசதியாக நின்றது.

அது நடந்து பத்து நாள். தண்டாயுதபாணி ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். கலைமணி நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். இதற்குள் தனா நடக்கும்போது இடது தோள் இறங்க ஆரம்பித்தது. ரிக்கில் பைப் விழுந்ததிலிருந்து மதியழகனுக்குத் தோள் அப்படித்தான் இறங்கியிருக்கும். ஏதாவது யோசித்தால் குழந்தை தன் வழவழத்த தாடையை உள்ளங்கையால் சொரசொரவென்று தேய்த்துக்கொண்டாள், அங்கே தாடி இருப்பது மாதிரி. சீயக்காய் போட்டு, மஞ்சள் போட்டு, ஒரே நாளில் மூன்று தடவை குளிப்பாட்டிவிட்டாள் கலைமணி. தலையைத் துவட்டி முகத்தைப் பக்கத்தில் இழுத்தால், ஈரக் கூந்தலுக்கு அடியிலிருந்து பீடியும் குதிரையும் கலந்த அந்தப் பழைய வாடை மெல்ல எழுந்து வந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்ட அன்று சாயங்காலம், மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வெளியில் மரவள்ளிக் காட்டின் மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஜவ்வரிசி மில்லின் மெஷின் ஓய்வில்லாமல் உறுமிக்கொண்டிருந்தது.

"அம்மா, பவளம் உங்கிட்ட என்னமோ கேட்டுட்டே இருக்குது."

"என்ன கேக்குது?"

"தெரியல. வெளிக்கேட்டுக்கிட்ட வந்து நிக்குது. அப்பறம் ஓடைப் பக்கம் பத்து எட்டு போவுது. நின்னு ஊட்டைத் திரும்பிப் பாக்குது. திரும்பி வருது. மறுக்காப் போவுது. நானு இழுத்தாலும் கேக்கறதில்ல. எதுக்கும்மா அப்படிப் பண்ணுது?"

சீப்பு கூந்தலிலேயே நின்றுவிட்டது.

எதற்கு என்று கலைமணிக்குத் தெரியும். ஐப்பசியில் ஒரு நாள், மத்தியானம் பன்னிரண்டரை மணி. அன்றைக்குக் காலையில்தான் மதியழகன் முதல் தடவையாகத் தனாவின் மேல் கையை ஓங்கியிருந்தான். குறுக்கே போய் நின்ற கலைமணியின் மணிக்கட்டு இரண்டாம் முறையாக உடைந்து, துணி சுற்றிக் கட்டியிருந்தது. தனா பள்ளிக்கூடம் போய்விட்டாள். அப்போது பவளம் தனியாக ஓடி வந்தது. சேணம் புரண்டு வயிற்றடியில் தொங்கியது. வாயில் நுரை. கேட்டருகில் நின்று தரையைக் காலால் தோண்டியது. ஓடைப் பக்கம் பத்து எட்டு போய், நின்று, திரும்பி அவளைப் பார்த்தது. திரும்பி வந்தது. மறுபடி போனது. நான்கு தடவை.

அவளுக்கு முதல் தடவையே விளங்கிவிட்டது. குதிரை பேசுவது எப்படியென்று நான்கு வருஷம் கூடவே இருந்து பார்த்தவள் அவள். விழுந்து கிடக்கிறான், வா என்றது அது. கலைமணி போய்க் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்து உலை ஏற்றினாள். அரிசியைக் களையும்போது கை நடுங்கவில்லை.

பொழுது விழுகிற நேரத்தில் ஆடு மேய்க்கிறவர்கள் அவனைப் பார்த்துத் தூக்கிவந்தார்கள். நாலு மணி வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். நீங்கள் யாரும் தேடவில்லையா என்றும் கேட்டார். குதிரை ஏறிப் போனால் ராத்திரிதான் வருவார் என்று சொன்னாள், எல்லோரும் நம்பினார்கள். உண்மை தெரிந்தது பவளத்துக்கு மட்டும்.

"அது சும்மா வெளையாடுது சாமி" என்றாள் மகளிடம்.

"இல்லம்மா. வெளையாடறப்போ அதோட காது அப்படி இருக்காது" என்றாள் தனா. சொல்லிவிட்டு, தாடையை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் தண்டாயுதபாணி பைக்கில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பெரிய தொந்தி. குதிரையைச் சுற்றிச் சுற்றி வந்தார். நெற்றி, கழுத்து, மார்பு, விலா என்று ஒவ்வொரு இடமாகக் கையை ஓட்டி மயிர்ச்சுழி பார்த்தார். உதட்டைத் தூக்கிப் பல் பார்த்தார். கேடான சுழி ஒன்றுகூட இல்லை, சுத்தமான உருப்படி என்று அவர் சொல்லச் சொல்ல, கலைமணியின் நெஞ்சில் பல நாளாக ஏறியிருந்த பாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. தனா ஏறி ஒரு சுற்று ஓட்டிக்காட்டினாள். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"பாப்பா நல்லா ஓட்டுது அம்மணி. ஆனா ஒன்னுங்க. இந்தப் புள்ள முப்பது கிலோ இருக்குமா? குதிரை முதுகு ஏனுங்க இப்படி எறங்குது? ரெண்டாள் பாரம் ஏறுனாத்தானுங்க இப்படி எறங்கும்."

"வெயிலுக்கு அசந்திருக்கும்ங்க" என்றாள் கலைமணி.

அவர் மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "செரி. ஊருக்குள்ள டெம்போ சொல்லி வெச்சிருக்கறேன். அரை மணி நேரத்துல வண்டியோட வாரேன், இன்னைக்கே ஏத்திக்கலாம்." பைக்கை உதைத்துக் கிளப்பினார். கேட்டைத் திறந்துகொண்டு போனவர் சாத்தாமல் போய்விட்டார்.

கலைமணி சாத்தப் போனாள். பாதி வாசலைத் தாண்டுவதற்குள் பின்னால் குளம்பு அசைந்தது. திரும்பிப் பார்த்தாள். தனா சேணத்தில் உட்கார்ந்திருந்தாள். குதிகால் அசையவில்லை. கடிவாளம் அவள் கையில் தொளதொளவென்று கிடந்தது. ஆனால் பவளத்தின் இடது காது பின்னால் திரும்பியது. குழந்தையின் வாய் இருந்த இடத்துக்கு அல்ல. அவள் தலைக்கு மேலே, ஒரு வளர்ந்த ஆளின் வாய் இருக்கக்கூடிய உயரத்துக்கு. அங்கிருந்து வந்த எதையோ அது கேட்டுக்கொண்டது.

பிறகு நடக்க ஆரம்பித்தது.

"தனா, எறங்கு. எறங்கு சாமி."

"எறங்க முடியலைம்மா." குழந்தையின் குரல் உடைந்தது. "அம்மா, நானு ஓட்டலைம்மா."

கலைமணி கடிவாளத்துக்குப் பாய்ந்தாள். கைக்கு நூலிழை அளவு இடைவெளியில் அது தப்பிப் போனது. பவளம் அவளைக் கடந்து, திறந்த கேட்டைக் கடந்து, ஓடைப் பாதையில் பாய்ச்சலெடுத்தது. குழந்தையின் இரட்டைப் பின்னல் மேலும் கீழும் எகிறுவது தெரிந்தது. அப்புறம் மரவள்ளிச் செடிகள் மறைத்துக்கொண்டன.

அவள் ஓடினாள். போன் ஜன்னலில் கிடந்தது நினைவுக்கு வந்தபோது பாதிக் காட்டைத் தாண்டியிருந்தாள். திரும்பிப் போக மனசு வரவில்லை. மரவள்ளித் தண்டுகள் இரண்டு பக்கமும் முகத்தில் அறைந்தன, பாலின் கசப்பு வாடை மூக்கில் ஏறியது, புழுதி நாக்கில் அப்பியது, எங்கோ முன்னால் குளம்படி ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது, அதற்கு நடுவில் அடித்தொண்டைச் சத்தம். "ம்க், ம்க்." அது தனாவின் தொண்டையில் வரக்கூடிய கனமில்லை.

"நானு பாத்தேன்" என்று கத்திக்கொண்டே ஓடினாள். "எனக்குப் புரிஞ்சுது. வேணும்னுதான் கேட்டைச் சாத்துனேன். புள்ளைக்கு ஒன்னுந் தெரியாது. அவளை உட்டுரு. என்னை எடுத்துக்க."

மில் உறுமியது.

ஒரு செருப்பு அறுந்தது. இன்னொன்றை உதறினாள். கிளுவை வேலி. முள். சேலை கிழிந்தது. கிழியட்டும்.

குளம்படி நின்றது.

நின்ற இடம் அவளுக்குத் தெரியும். ஏழு மாதமாக அந்தப் பக்கம் அவள் போனதில்லை.

ஓடைக்கரை செங்குத்தாக இறங்கும். மேலே நின்று பார்க்க அவளுக்குப் பொறுமையில்லை. குதித்தாள். வலது கால் இரண்டு பாறைக்கு நடுவில் போனது. உடம்பு மட்டும் முன்னால் போனது. கணுக்காலில் பச்சைக் குச்சி ஒடிகிற சத்தம். வலி கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. வந்தபோது கண் இருட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு காலைப் பிடுங்கினாள். பாதம் தப்பான பக்கம் திரும்பியிருந்தது.

தலையைத் தூக்கினாள்.

தட்டைப் பாறையின் மேல் தனா மல்லாந்து கிடந்தாள். மதியழகன் விழுந்து கிடந்த அதே பாறை. பவளம் கொஞ்சம் தள்ளி நின்றது. சேணம் காலியாக இருந்தது.

கலைமணி முழங்கையால் ஊர்ந்து போனாள். கல்லும் முள்ளும் எதுவும் உறைக்கவில்லை. குழந்தையின் கண் திறந்திருந்தது. இடது தோள் இறங்கவில்லை, தாடையில் கை இல்லை, பீடி வாடையும் இல்லை. அந்த முகத்தில் தனாவைத் தவிர வேறு யாரும் இல்லை. பத்து நாளாக எந்த முகத்துக்காக ஏங்கினாளோ அந்த முகம். கலைமணி அதைப் பார்த்து ஓவென்று அழுதாள்.

"அம்மா."

"இங்கதான் இருக்கறேன் சாமி. பேசாத."

"காலு இருக்குதாம்மா? எனக்குத் தெரியவே மாட்டேங்குது."

ஒவ்வொரு மூச்சுக்கும் குழந்தையின் நெஞ்சுக்குள் தண்ணீர் கொப்பளிப்பது மாதிரிக் கேட்டது. உதட்டோரத்தில் நுரை சிவப்பாக இருந்தது. தூக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. தூக்கவும் முடியாது. எழுந்து நிற்கப் பார்த்தாள். உடைந்த கால் மடிந்து மறுபடி விழுந்தாள். இன்னொரு தடவை. மறுபடி விழுந்தாள்.

அப்போது வீட்டுப் பக்கமிருந்து ஹாரன் கேட்டது. டெம்போ. தண்டாயுதபாணி வந்துவிட்டார். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு.

கலைமணி கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். ஓடையின் இரண்டு கரையும் அந்தக் குரலை அங்கேயே வைத்துக்கொண்டன. ஒரு மயில் பதில் கூவியது. மில் உறுமியது. ஹாரன் மறுபடி அடித்தது. ஆளைக் காணோம், குதிரையைக் காணோம் என்று அவர் இன்னும் கொஞ்ச நேரம் நிற்பார். எவ்வளவு நேரம் நிற்பார் என்று சொல்ல முடியாது.

அங்கே போகக்கூடியது ஒன்றே ஒன்றுதான்.

அவள் பவளத்தைப் பார்த்தாள். பத்தடி தூரத்தில், மஞ்சள் வெயிலில், வியர்வையில் மினுங்கிக்கொண்டு நின்றது.

"போ" என்றாள். கையால் வீட்டுப் பக்கம் காட்டினாள். "பவளம், போ. போய் அவரைக் கூட்டியா."

அது நின்றது.

பேச்சு போதாது என்று அவளுக்குப் பட்டது. குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, காலை இழுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் ஊர்ந்தாள். நான்கு முழம் போய் நின்று, திரும்பிக் குதிரையைப் பார்த்தாள். ஊர்ந்தே திரும்பி வந்தாள். குழந்தையைத் தொட்டுக் காட்டினாள். மறுபடி போனாள். நின்று திரும்பிப் பார்த்தாள். மறுபடி வந்தாள். உள்ளங்கையால் மண்ணைத் தோண்டினாள். நகம் பெயர்ந்தது. மறுபடி போனாள்.

"அம்மா, எங்க போற?"

"எங்கயும் போகலை சாமி."

ஹாரன் அடித்தது. பவளத்தின் ஒரு காது அந்தச் சத்தத்தின் பக்கம் திரும்பியது. இன்னொரு காது கலைமணியின் மேலேயே இருந்தது. பிறகு இரண்டும் அவளை நோக்கிக் குவிந்தன. வளைந்த நுனிகள் ஒன்றையொன்று மெல்லத் தொட்டுக்கொண்டன. அது புரிந்துகொண்டது. அதில் அவளுக்குத் துளி சந்தேகமும் இல்லை. முதல் தடவையே புரிந்துகொண்டது.

கலைமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

போன வாரம் பெய்த கோடை மழைக்கு ஓடை மணலில் பச்சைப் புல் முளைத்திருந்தது. பவளம் கழுத்தைத் தாழ்த்தியது. உதட்டால் தடவி, ஒரு கொத்தைக் கடித்து, வெடுக்கென்று இழுத்தது. மென்றது. ஓரெட்டு எடுத்துவைத்து அடுத்த கொத்துக்குப் போனது. தூரத்தில் டெம்போவின் எஞ்சின் கிளம்பி, கியர் மாறி, தேய்ந்துகொண்டே போனது. பாறையின் மேல் குழந்தையின் மூச்சு கொப்பளித்தது, நின்றது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கொப்பளித்தது. பவளம் அவசரமில்லாமல் மேய்ந்துகொண்டிருந்தது.